கண்ணை மூடிக்கொண்டே போடுகிற கணக்கு

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்ச நாள் திரைப்பக்கம் போகாதே. இதையும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள்.

கிராஃபில், அதாவது முனைகளைக் கோடுகளால் இணைத்த படத்தில், சில முனைகளைக் கட்டாயம் தொட்டுப் போகிற குறைந்த தூரப் பாதையைக் கேட்டிருந்தாய். இதற்குக் கண் வேண்டாம். டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பென்சிலும் இல்லாமல் 20 நிமிடத்தில், முனைகளுக்கு இடையே குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்கும் தன் அல்காரிதத்தை யோசித்து முடித்தவர்.

ஒரு நேர்கோட்டை நினைத்துக்கொள். நடுவில் நீ. இடப்பக்கம் 2 தள்ளி அ. வலப்பக்கம் 1 தள்ளி ஆ, அதிலிருந்து இன்னும் 4 தள்ளி இ. மூன்றையும் தொட வேண்டும், திரும்ப வேண்டியதில்லை. எது கிட்டேயோ அதற்கே போனால் முதலில் ஆ, 1. அங்கிருந்து அ, 3. அப்புறம் கோடு முழுக்க நடந்து இ, 7. மொத்தம் 11. அ-வில் தொடங்கிப் பார்: 2, 3, 4. ஒன்பதில் முடிந்துவிடும்.

போன மாதம் என் நிரல், கிட்டே இருப்பதற்கே முதலில் போகிற இந்தத் தப்பைத்தான் செய்தது. இரண்டு நாள் டைக்ஸ்ட்ரா பகுதியையே குடைந்தேன். தூரங்களெல்லாம் சரி, வரிசைதான் தப்பு.

அதனால் இரண்டையும் பிரித்துவிடு. தொடக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கட்டாய முனையிலிருந்தும் டைக்ஸ்ட்ராவை ஓட்டி, தூரங்களை அட்டவணையாக்கு. (ஏதாவது கோட்டின் எடை, அதாவது அதன் தூரம், மைனஸில் இருந்தால் டைக்ஸ்ட்ராவுக்குப் பதில் பெல்மன்-ஃபோர்டு என்ற அல்காரிதம்.) இனி பெரிய கிராஃப் தேவையில்லை. மிச்சம் வரிசை. 10 முனைக்கு 36,28,800 வரிசைகள். எவற்றைத் தொட்டாயிற்று, கடைசியாக எதில் நிற்கிறோம் என்ற இரண்டும் ஒன்றாக இருந்தால், அதுவரை வந்ததில் குறைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடலாம். ஹெல்ட், கார்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1962-ல் எழுதிய இந்த வழியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சுமார் 23,000 கூட்டலில் வேலை முடிகிறது. 20 முனை என்றால் கிட்டத்தட்ட 10 கோடி. அதுவும் கம்ப்யூட்டர் தாங்கும்.

ஒன்றை நீ சொல்லவில்லை. ஒரே முனை வழியாக இரண்டு தடவை போகலாமா? போகலாம் என்றால் இது போதும். கூடாதென்றால், அட்டவணையின் இரண்டு பாதைகள் நடுவில் ஒரே முனையில் முட்டிக்கொள்ளலாம். அப்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அதை மட்டும் பதில் போடு. நீ எழுதாதே, நீ சொல்லச் சொல்ல யாராவது எழுதட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்