ஆண்டறிக்கை: ரீயூனியன் தீவும் மும்பைக் கருங்கல்லும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாட்டுங்காவில் மாதந்தோறும் கூடும் நம் சங்கத்தின் அறிவியல் வட்டம் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருள், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் எரிமலைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு என்பதால் பிறந்த ஆர்வம், படிக்கப் படிக்க நம்மை மும்பைக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது.

அத்தீவு, கடலடியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் எழும்பிய எரிமலை மேட்டின் உச்சிப் பகுதி மட்டுமே. 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேழ் அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. தென்கிழக்கிலுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்றும் அடிக்கடி குமுறுகிறது. 1977இல் அதன் குழம்பு ஊருக்குள் புகுந்து, ஒரு தேவாலயத்தின் வாசலை எட்டி, சுவரை ஒட்டி இருபுறமும் பிரிந்து ஓடியது. 2007 ஏப்ரலில் அடியிலிருந்த குழம்பு பக்கவாட்டில் வெளியேறிவிட, தாங்குதல் இழந்த உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது.

இந்த அனலின் ஊற்று புவியின் ஆழத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, மேலே நிலத்தட்டு நகர்ந்துகொண்டே போகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் இருந்தது இந்தியா. தக்காணத்தை மூடிய குழம்பு அதே ஊற்றிலிருந்து வந்தது என்பதே புவியியலாளர் பலரின் கருத்து. மாலத்தீவு, சாகோஸ், மொரீசியஸ் ஆகியவற்றின் அடியிலுள்ள எரிமலைப் பாறைகள் அந்தப் பயணத்தின் தடம்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார், திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த தம் அம்மிக் குழவியை எடுத்து வந்திருந்தார். அதன் பக்கத்தில், தக்காணத்தை மூடிய அந்தக் குழம்பு இறுகி உண்டான மும்பைக் கல் துண்டு ஒன்றை வைத்தோம். இரண்டையும் கருங்கல் என்றே சொல்கிறோம்; ஆனால் ஆழத்தில் உருவான குழவியில் படிகங்கள் மணிமணியாகத் தெரிந்தன, மேற்பரப்பில் விரைவாக ஆறிய மும்பைக் கல்லிலோ உருப்பெருக்கியில் பார்த்தும் ஒரே கருமைதான். காற்றுக் குமிழி இருந்த துளைகளில் மட்டும் வெண்ணிறக் கனிமம் படிந்திருந்தது. ஆண்டு முழுவதும் நடந்த கூட்டங்களில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுவே.

டிசம்பரில் அந்தேரி மேற்கிலுள்ள கில்பர்ட் குன்றுக்குச் சென்றோம். குழம்பு ஆறிச் சுருங்கும்போது பிளந்ததால் தூண்தூணாக, சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அப்பாறையைக் கட்டடங்கள் நெருக்கிச் சூழ்ந்திருப்பது வருத்தம் தந்தது. அதன் பாதுகாப்பை வலியுறுத்தி மாநகராட்சிக்கு மனு அளிக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. உறுப்பினர்கள் கையொப்பமிட வேண்டுகிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் படிப்பார். மும்பைக் கல் துண்டு நூலக அலமாரியின் கீழ்த்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கப்பட்டுள்ளது.

செயலாளர்