மணி சொன்ன அப்பா

நாகப்பட்டினம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் படவேலை ஏதாவது வந்து இழுத்துவிடும். உன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளா! நான் ரொம்பவும் விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் காலையில் கோலம் போடுவதை விடமாட்டேன் என்கிறாள்.

சரி, படத்துக்கு வருகிறேன். 12 நிமிடம். அக்கரைப்பேட்டையில் ஒரு திண்ணை, ஒரு வலை, ஒரு ஃபைபர் படகு, ஒரே ஆள். இசை இல்லை. நடிப்பவர் கூத்துக் கட்டுகிற ஒரு அண்ணன், காசு வேண்டாம் என்றுவிட்டார்.

அப்பாவின் சிநேகிதர், நாம் பெரியப்பா என்று கூப்பிடுவோமே, அவர் சுனாமியில் மகளை இழந்தது உனக்குத் தெரியும். மீதி எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 விடியுமுன் கடலுக்குக் கிளம்பும்போது, "ஒன்பது மணிக்கு வந்துடுவேன், கூடையை எடுத்துக்கிட்டுக் கரைக்கு வா" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் முன்னாலேயே போய் நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் யாருக்கும் மணி சொல்வதில்லை. எத்தனை மணிக்கு வருவீங்க என்று பெரியம்மா கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

என் பையனுக்கு இப்போது ஒன்பது வயது. ஒரு நாளைக்கு எத்தனை முறை அவனிடம் மணி சொல்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன், சேகர். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் படத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அனுமதி கேட்கப் போனபோது அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று படித்ததையெல்லாம் சொன்னேன். சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை வாக்கில். அலை இங்கே வந்து சேர இரண்டரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. ஆனால் இந்துமாக் கடலுக்கென்று எச்சரிக்கை மையமே அன்று கிடையாது. ஹைதராபாத்தில் அப்படி ஒன்று வந்தது 2007-இல்தான். இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி. மணி சொன்னது நான்தானே" என்றார். அப்புறம், "எடு. அவ பேரை மட்டும் போடாதே" என்றார்.

முதலில் எழுதியதில் அவர் உடைந்து அழுகிற காட்சி ஒன்று இருந்தது. எடுத்தும் பார்த்தோம். அண்ணன் அருமையாகச் செய்தார். ஆனால் அழுதவுடன் ஏதோ தீர்ந்துபோன மாதிரி ஆகிவிடுகிறது. பெரியப்பாவுக்கு எதுவும் தீரவில்லையே. அதைத் தூக்கிவிட்டேன்.

மிச்சம் இருப்பது படகு. ஆழக் கடலில் சுனாமி ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. முகட்டுக்கு முகடு நூறு கிலோமீட்டருக்கு மேல். கரைப்பக்கம் ஆழம் குறையும்போதுதான் எழும்பும். கடலில் நின்றவர்கள் பலருக்கு ஒன்றுமே தெரியாமல் போனது அதனால்தான். மகளைக் கொண்டுபோன அலை அவர் படகுக்கு அடியில்தான் போயிருக்கிறது. "படகு எப்பவும் தூக்கிப் போடும். அதுல எந்தத் தூக்கல்னு தெரியல" என்று அவர் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் நாலு நிமிடத்துக்கு வெட்டே இல்லாத ஒரு ஷாட். அவர் வலை விடுகிறார், படகு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். அந்த ஏற்றங்களில் ஒன்று அது. எது என்று நானும் முடிவு செய்யவில்லை.

அந்த நாலு நிமிடத்துக்கு ஒலி நீதான் எடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்ததும் விழுகிற அமைதி, படகின் அடியில் தண்ணீர் தட்டுவது, ஈர வலை விளிம்பில் உரசுவது. எந்த ஏற்றத்திலும் சத்தத்தைக் கூட்டிவிடாதே. அவருக்குத் தெரியாதது பார்ப்பவர்களுக்கும் தெரியக் கூடாது.

வாடைக் காற்று பலப்படுவதற்குள் வந்துவிடு. நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், அம்மா இப்போதே கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். பெரியப்பாவே நம்மைப் படகில் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். கரைக்கு எப்போது திரும்புவோம் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே.

அன்புடன்,
இளங்கோ