கீமோ வார்டுக்கு வி.ஆர். கண்ணாடி வாங்கப்போகும் மருத்துவமனைகளுக்கு

தமிழ்நாட்டில் கீமோ டே கேர் நடத்தும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவளும் இல்லை. குடலில் கட்டி எடுத்த அம்மாவுக்கு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று எட்டு சைக்கிள் கீமோ முடியும்வரை அட்டெண்டராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். கீமோ ஏறும் நேரத்தில் நோயாளிக்கு வி.ஆர். கண்ணாடி, அதாவது வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பது போலக் காட்டும் கண்ணாடி, மாட்டிவிடலாம் என்ற யோசனை உங்களில் சிலருக்கு இருக்கும். நல்ல யோசனைதான். வாங்குங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எங்கள் மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நாலாவது சைக்கிள், மே மாதம். அம்மாவுக்கு ஆக்சாலிபிளாட்டின் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மருந்து போட்டவர்களுக்குக் குளிர் என்றால் ஆகாது. ஸ்டீல் டம்ளரைத் தொட்டால் விரல் நுனியில் ஷாக் அடித்த மாதிரி சுரீர் என்னும். சில்லென்று ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தொண்டையை யாரோ பிடிப்பது போல இருக்கும். ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள் என்று முதல் நாளே சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் வெளியே தார் உருகும் வெயிலில் அம்மா மட்டும் குரங்குக் குல்லா, சாக்ஸ், கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் நாற்காலி சரியாக ஏ.சி.க்கு நேர் கீழே. மருந்து ஏறும் கை வலிக்கிறது என்று நான் வெந்நீர்ப் பையை ஒத்தடமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கழுத்தில் கார்டு தொங்க ஒரு தம்பி வந்தார். "அம்மா, பத்து நிமிஷம் வேற உலகத்துக்குப் போயிட்டு வாங்க" என்று குல்லாவுக்கு மேலேயே பட்டையை இறுக்கி மாட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

உள்ளே பனிமலை.

அம்மா இரண்டு நிமிஷம் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஊசி குத்தாத கையால் என்னைத் துழாவினார். "ஏண்டி, எங்க திரும்பினாலும் பனியா கொட்டுதே. கழட்டிடுடி, பல்லு கூசுது." காதில் ஒரு பெண் ஆங்கிலத்தில் மூச்சை இழு, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அம்மாவுக்கு அது புரியவில்லை. பக்கத்து நாற்காலி அக்கா சிரித்துவிட்டார், அம்மாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. எந்த மருந்து ஏறுகிறது என்று அந்தத் தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று ஒரு யோசனை ஓடியது. அமெரிக்காவில், சியாட்டில் நகரில், ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இருவர் 1990களிலேயே தீக்காயப் பிரிவில் இதை ஆரம்பித்துவிட்டார்கள். வெந்த தோலில் கட்டு மாற்றும்போது மார்ஃபின் கொடுத்தாலும் வலி தாங்காது. அந்த நோயாளிகளுக்காகவே 'ஸ்னோவேர்ல்ட்' என்று ஓர் உலகத்தைச் செய்தார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பெங்குவின் மேலும் பனிமனிதன் மேலும் பனிப்பந்து எறிய வேண்டும். நெருப்பில் வெந்தவனுக்குப் பனி. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! விளையாடும் நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்து, வலி தெரியும் பகுதிகளின் வேகம் குறைவதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். வாசலில் விருந்தாளி வந்து நின்றால் அடுப்பில் பால் பொங்குவது கண்ணில் படாது இல்லையா, அது மாதிரி.

எங்கள் அம்மாவுக்கு வந்த பனி அங்கிருந்து நேராக வந்ததா, யாரோ அழகாக இருக்கிறதென்று போட்டதா, தெரியாது. யாருக்காகச் செய்தது என்ற கேள்வி மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

சரி, கீமோவுக்கு வருவோம். இதில் முக்கியமான வேலையைச் செய்தவர் சூசன் ஷ்னைடர், அப்போது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியர். 2007இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 123 பேர். மார்பு, குடல், நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்கள். ஒரே ஆளுக்கு ஒரு தடவை கண்ணாடியோடு, ஒரு தடவை கண்ணாடி இல்லாமல். கடலுக்கடியில் நீந்துவது, ஓவியக்கூடத்தில் நடப்பது, பழங்கால உலகங்களைச் சுற்றிப் பார்ப்பது, மர்மத்தைத் துப்பறிவது என்று நாலு வைத்து, எது வேண்டும் என்று நோயாளியையே கேட்டிருக்கிறார்கள். 82 சதவீதம் பேர் மறுபடியும் கொடுத்தால் போட்டுக்கொள்வோம் என்றார்கள். நேரம் போனதே தெரியவில்லை என்பதும் தெளிவாக நிரூபணமானது. ஆனால் குமட்டல், சோர்வு போன்ற தொந்தரவுகளைக் கணக்குப் பார்த்தபோது, அன்றைக்கும் சரி, இரண்டு நாள் கழித்தும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தக் கடைசி வரியை, கண்ணாடி விற்க வருகிறவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் வந்த தம்பி, "அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. அனுமதி வாங்கினது மேடம்" என்றார். 2021 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு வி.ஆர். சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது உண்மைதான். அது நாள்பட்ட முதுகுவலிக்கு. அதைக் கீமோ வார்டில் வந்து சொல்வது, கண்வலிக்காரனிடம் பல் டாக்டரின் சான்றிதழைக் காட்டுவது மாதிரி.

நேரம் குறைகிறது, அவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். எங்கள் வார்டில் சுவர்க் கடிகாரம் சொட்டு மருந்துக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. ஆக்சாலிபிளாட்டினுக்கு இரண்டு மணி நேரம். அம்மா சொட்டைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அந்த இரண்டு மணி நேரத்தை முக்கால் மணி நேரமாக உணர வைக்க முடியுமென்றால் அதற்காகவே நான் வாங்கச் சொல்வேன். அதைச் சொல்லியே கொடுங்கள். 'வலி போகும், வாந்தி நிற்கும்' என்று போர்டு வைக்காதீர்கள். வாந்திக்குப் போட வேண்டிய ஊசியை நேரத்துக்குப் போட்டுவிடுங்கள், அது போதும்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கை சொல்லும் கவுன்ட் ரிப்போர்ட் வந்து, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, ஃபார்மஸியில் மருந்து கலந்து வர ஒரு மணி ஆகிவிடும். அந்த ஆறு மணி நேரமும் வராந்தாவில் இரும்பு பெஞ்ச். எட்டு சைக்கிளிலும் அம்மாவை அழ வைத்தது அந்த பெஞ்ச்தான். ஒரு கண்ணாடியின் விலைக்கு எத்தனை சாய்வு நாற்காலி வரும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடி மாட்டிவிட்ட பிறகு பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். ரத்தக் குழாயை விட்டு மருந்து வெளியே கசிந்தால் நோயாளிக்குத்தான் முதலில் எரிச்சல் தெரியும். ஆக்சாலிபிளாட்டினுக்கு ஆறேழு சைக்கிள் ஒழுங்காகப் போன பிறகும் திடீரென்று அலர்ஜி வரலாம். உள்ளங்கை அரிப்பு, முகம் சிவப்பது, நெஞ்சு அடைப்பது என்று ஆரம்பிக்கும். கவனத்தைத் திருப்புவதே இந்தக் கண்ணாடியின் வேலை. அப்படியென்றால் நோயாளி கவனிக்க மறந்ததை இன்னொருவர் கவனிக்க வேண்டும். பாதி முகத்தைக் கண்ணாடி மறைத்திருக்கும்போது நிறம் மாறுவது தூரத்திலிருந்து தெரியாது. விற்பனைப் பிரதிநிதி மாட்டிவிட்டுப் போகும் வேலை இல்லை இது. சிஸ்டருக்கு ஏற்கெனவே பதினைந்து நாற்காலி இருக்கிறது என்றால் இதற்கென்று ஒருவரைப் பயிற்சி கொடுத்துப் போடுங்கள்.

சுத்தமும் அப்படித்தான். கவுன்ட் இறங்கிய ஒருவர் முகத்திலிருந்து கழற்றியதை அப்படியே இன்னொருவர் முகத்தில் வைக்கக்கூடாது. முகம் படும் பஞ்சுக்கு மேல் தூக்கிப்போடும் உறை இருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்கள், புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்கள், தலையில் ஆபரேஷன் ஆனவர்கள் விஷயத்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் முடி கொட்டிய தலையில் பட்டை உரசும். கீழே ஒரு பருத்தித் துணி போடுங்கள். எழுதும்போது சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது.

குழந்தைகள் வார்டில் என் தயக்கம் குறைவு. மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தியிருக்கும் போர்ட்டில் ஊசி குத்தும் அந்தச் சில நிமிஷத்துக்குக் கவனத்தைத் திருப்பினாலே பெரிய உதவி. அட்லாண்டாவில் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஊசி குத்தும்போது மிருகக்காட்சிசாலை கொரில்லாக்களோடு உலவ விட்டுப் பார்த்து 2004இலேயே எழுதியிருக்கிறார்கள்.

இனி, உள்ளே எதைக் காட்டுவது? இதுதான் எனக்குக் குழப்பமான இடம்.

அந்தப் பனிமலை நாளன்று ராத்திரி அம்மாவிடம், "உனக்கு என்னம்மா பாக்கணும்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போற பஸ்ல முன் சீட்டு" என்றார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டும் பாதை அது, அம்மா பிறந்த ஊருக்குப் போகும் வழி. ஆனால் பஸ் உதவாது. கண் முன்னால் உலகம் ஓட, உடம்பு நாற்காலியில் அசையாமல் இருந்தால் நல்ல உடம்புக்கே தலை சுற்றும். ரோலர் கோஸ்டர், பைக் ரேஸ் எல்லாம் கீமோ வார்டுக்குள் வரவே கூடாது. காமிராவை ஓரிடத்தில் ஊன்றி வைத்து எடுத்ததுதான் சரி. "அப்படின்னா திருவையாத்துல காவிரிக்கரை புஷ்ய மண்டபப் படித்துறை" என்றார் அம்மா.

அதிலும் எனக்கு ஒரு பயம். முதல் சைக்கிளுக்கு நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன். இன்றுவரை அம்மாவுக்கு அந்த வாசனை ஆகவில்லை. ஐந்தாவது சைக்கிளில் ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததுமே வயிற்றைப் புரட்டியது, மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பே. இது பலருக்கும் வருவதுதான் என்று டாக்டரும் சொன்னார். மருந்தோடு சேர்ந்து வந்த எல்லாவற்றின் மேலும் உடம்பு பழி போட்டுவிடுகிறது. அப்படியிருக்க, எட்டு சைக்கிளும் அந்தப் படித்துறையையே காட்டினால், நாளைக்கு நிஜப் படித்துறையில் கால் வைக்கும்போது அம்மாவுக்குக் குமட்டினால் என்ன செய்வது? அதனால் ஒன்றையே திருப்பித் திருப்பிக் காட்டாதீர்கள். கொல்லிமலை, ராமேஸ்வரம் கடற்கரை, ஒரு தறிக்கூடம், மழை பெய்யும் ஓட்டு வீட்டுத் திண்ணை என்று இருபது முப்பது இருக்கட்டும். பேசுகிற குரல் தமிழாக இருக்கட்டும், அதுவும் செய்தி வாசிப்பது போல இல்லாமல். எதுவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். அம்மா ஆறாவது சைக்கிளில் அப்படித்தான் சொன்னார். தம்பி மூன்று தடவை வந்து கேட்டார். டிஸ்சார்ஜ் பில்லில் 'வி.ஆர். தெரபி 600 ரூபாய்' என்று எப்படியும் இருந்தது. சண்டை போட்டுத்தான் எடுக்க வைத்தேன்.

அம்மாவிடம் என் பயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஆத்து மேல கோவம் வருமா?" என்று முடித்துவிட்டார்.

ஆடியில் தண்ணீர் வந்ததும் புஷ்ய மண்டபத்தில் காமிரா வைக்க யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், இடம் காட்ட நாங்கள் இருவரும் வருகிறோம். பதினெட்டாம் பெருக்கன்று வேண்டாம், கூட்டம் தாங்காது. விடியற்காலையில் ஆள் வருவதற்கு முன் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு மணிக்கு மேல் துணி துவைக்க வருகிறவர்கள் வந்த பிறகுதான் எடுக்க வேண்டுமாம். கல்லில் துணி அடிக்கிற சத்தம் வேண்டுமாம்.

இப்படிக்கு,
எட்டு சைக்கிள் அட்டெண்டர்,
தஞ்சாவூர்