தறி நின்றபோது கேட்ட சத்தம்

சோமனூர்,
கார்த்திகை 9

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. அண்ணனுக்கு ஒரே ராத்திரியில் இடது காது அடைத்துவிட்டது என்ற வரியைப் படித்ததுமே போனை எடுத்துவிட்டேன். மற்றதற்கெல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறது என்று நீ சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும் மாப்ள. சளியாக இருக்கும், அழுக்காக இருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வாரக்கணக்கில் இருந்துவிட்டால் பிறகு மருந்து பிடிப்பது கஷ்டம். அண்ணனுக்கு நல்ல நேரம், நீ பக்கத்தில் இருந்தாய்.

எனக்கு வந்தது வேறு. உன் காது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல வரவில்லை. ‘ச’வும் ‘த’வும் போனில் எனக்கு இன்னும் சரியாகப் பிரிவதில்லை. தவிர, சொல்ல வேண்டியதில் உன்னிடம் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கிறது. அதை எழுதத்தான் வேண்டும்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகளை நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கும். ஒரு மாதம் தாண்டியும் ஓடவில்லை. நீயும் நானும் பிறந்ததிலிருந்து இந்த ஊர் இவ்வளவு நாள் சத்தமில்லாமல் கிடந்து பார்த்ததில்லை. நிறுத்திய மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. ‘ஙீ…’ என்று ஒரு சத்தம். மழை விட்டதும் சில்வண்டு கத்துமே, அதைக் கம்பியாக இழுத்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. குடோனில் ஏதோ மோட்டாரை அணைக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ஆறு தறியும் பாவு நூலோடு நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு மோட்டாரின் மீதும் கையை வைத்துப் பார்த்தேன். ஆறும் ஜில்லென்று இருந்தன. மெயின் சுவிட்ச் அணைத்தபடியே இருந்தது. வெளியே வந்து தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்குக் கீழே போய் நின்றேன். அங்கேயும் அதே சத்தம், அதே அளவு. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் அது கூடவே வருவது தெரிந்தது. இரண்டு காதையும் பொத்தினேன். கூடியது.

அன்றைக்குப் பிடித்த காது இரைச்சல், ஏறக்குறைய இரண்டு வருஷம் என்னை நிம்மதியாக விடவில்லை.

முதலில் பார்த்த டாக்டர், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு மருந்து கிடையாதுங்க, பழகிக்க வேண்டியதுதான்” என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை என்று இப்போது தெரியும். ஆனால் எப்படிப் பழகுவது என்று இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு வார்த்தை இல்லாமல் நான் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டேன். யாரோ சொன்ன மாத்திரைகளைத் தின்றேன். வெளிச் சத்தம்தானே காதைக் கெடுத்தது என்று பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. வெளிச் சத்தம் குறையக் குறைய உள்ளே இருப்பது எடுப்பாகக் கேட்டது. பஞ்சை எடுத்தால், சிங்க்கில் தட்டு வைக்கும் சத்தமே ஆணி அடிப்பது போல இருந்தது. ராத்திரியானால் பயம். படுத்ததும், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று காதைக் கூர்மையாக்கித் தேடுவேன். தேடினால் கிடைக்காமல் இருக்குமா?

உன் மகள் கல்யாணம் அந்த நாட்களில்தான் வந்தது. 2023 ஆவணி. இடுப்பில் பிடிப்பு, பஸ்ஸில் உட்கார முடியவில்லை என்று உனக்குச் சொன்னேன். இடுப்பில் ஒன்றும் இல்லை மாப்ள. டிக்கெட் எடுத்து, பையில் துணி வைத்து, முகூர்த்தப் புடவை வாங்கி எல்லாம் தயாராகத்தான் இருந்தேன். கும்பகோணத்து மேளம், மண்டபத்துக்குள் தவில், கெட்டிமேளம், அதற்கு மேல் ஒலிபெருக்கி என்று நினைத்துப் பார்த்ததும் கை நடுங்கியது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை கழுத்தில் தாலி ஏறும்போது நான் இந்தக் குடோன் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நீ அதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உடம்பைப் பாத்துக்கோ”ன்னு மட்டும் சொன்னாய். அது இன்றுவரை அறுக்கிறது. என்னை மன்னித்துவிடு.

பிறகு ஒருநாள் எங்கேயோ படித்தேன். பீத்தோவன் 1801-ல் தன் சின்ன வயது சினேகிதனான வெகெலருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அந்த சினேகிதர் டாக்டர். காது ராப்பகலாக இரைகிறது, இரண்டு வருஷமாக நாலு பேர் கூடும் இடத்துக்கே போவதில்லை, எனக்குக் காது கேட்கவில்லை என்று மனிதர்களிடம் சொல்ல முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்போது முப்பது வயதுதான். சங்கீதம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனுஷன் ஏன் யாரிடமும் சொல்லவில்லை, ஏன் பழைய சினேகிதனிடம் சொன்னார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

2023 கடைசியில் மருமகள்தான் வற்புறுத்தி வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனாள். செவித்திறன் சோதிக்கிற பெண். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸில் தொடங்கி, கீச்சென்ற 8,000 வரை போகும் கட்டம். 2,000 வரை கோடு ஏதோ பரவாயில்லை. 4,000-க்கு வந்ததும் கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கி, அதற்கப்புறம் கொஞ்சம் மேலே ஏறியது. என் முகத்தைப் பார்த்து, “தறியிலயா வேலை செஞ்சீங்க?” என்றாள். நான் அதுவரை தொழில் என்ன என்று சொல்லியிருக்கவில்லை. சத்தத்தில் கெட்ட காது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் காட்டுமாம்.

அவள் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு. அதில் நுண்ணிய மயிர் முளைத்த செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. போனது போனதுதான், மனுஷனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. பாவில் இழை அறுந்த இடத்தில் துணியில் கோடு விழும், இல்லையா? இங்கே அப்படியே விட்டுவிடாமல், அந்த இடத்திலிருந்து செய்தி வரவில்லையே என்று மூளை தன் பக்கத்து வால்யூமைத் திருகுகிறது. எட்டாத ஸ்டேஷனுக்காக ரேடியோவைக் கூட்டிக் கூட்டி வைத்தால் இரைச்சல்தானே வரும்? எனக்குக் கேட்பது அதுதான் என்றாள். 1953-ல் அமெரிக்காவில் காது நன்றாக இருந்த 80 பேரைச் சத்தமே புகாத அறையில் ஐந்து நிமிஷம் போல உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டது என்று சொன்னார்களாம். அந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. பைத்தியம் பிடிக்கப் போகிறது என்ற பயம் அன்றைக்குத்தான் போனது.

இடையில் ஒன்று. இரைச்சல் ஒரு காதில் மட்டும் வந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து டொப்டொப்பென்று வந்தாலும் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டுமாம். அண்ணனுக்குச் சொல்லி வை.

இனி நான் உனக்குச் சொல்ல வந்த விஷயம். அந்தப் பெண், “இந்தச் சத்தம் நிக்கணும்னு பாக்காதீங்க. இது ஆபத்தில்லைன்னு மூளை முடிவு பண்ணிட்டா அதுவே கண்டுக்காம விட்டுரும்” என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி வரும்போது கருமத்தம்பட்டி பக்கம் ஒரு குடோன் வாசலில் தொட்டில் ஆடுவதைப் பார்த்தேன். உள்ளே எட்டுத் தறி ஓடுகிறது. குழந்தை வாயைத் திறந்தபடி தூங்குகிறது. காரை நிறுத்தச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாப்ள, நாம் அப்படித்தானே வளர்ந்தோம்? உன் வீட்டுச் சுவரும் தறிக் குடோன் சுவரும் ஒன்று. பரீட்சைக்கு முதல் நாள் உன் வீட்டில் படுக்கிறபோது, தலைமாட்டிலேயே தறியின் நாடா அடித்துக்கொண்டிருக்கும், அடித்துப்போட்ட மாதிரி தூங்குவோம். கரண்ட் போனால்தான் வீடே எழுந்து உட்காரும். உன் அம்மா “என்னாச்சு, என்னாச்சு” என்று அரிக்கேனைத் தேடுவார்கள். நூறு டெசிபலைத் தாலாட்டாக எடுத்துக்கொண்ட மூளை நம்முடையது. அந்தச் சத்தம் நமக்குச் சோறு. அது ஓடினால் வீட்டில் எல்லாம் சரி என்று அர்த்தம். இந்தச் சின்ன ‘ஙீ’ அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் இதற்கு நான் கொடுத்த அர்த்தம் வேறு. என் தூக்கத்தைப் பறித்தது சத்தத்தின் அளவு இல்லை, அந்த அர்த்தம்தான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்தத் தொட்டில்தான் சொன்னது.

அதன் பிறகும் ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. பஞ்சை எறிந்தேன். படுக்கும்போது பழைய டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த ஓசை இரைச்சலை மூடிவிடக் கூடாது, அதற்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்பது அவள் சொன்ன பக்குவம். மூடிவிட்டால் பழகுவதற்கு மூளைக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டு காதுக்கும் கருவி போட்டேன். போட்ட அன்று சாயங்காலம் உன் தங்கச்சி டம்ளரில் சர்க்கரை கலக்குவது கேட்டது. ஸ்பூன் அடியில் உரசுவதும், சர்க்கரை கரையக் கரைய அந்த உரசல் மெலிந்து போவதும். எத்தனை வருஷமாக அந்தச் சத்தம் இல்லாமலே காபி குடித்திருக்கிறேன் என்று நினைத்தால் கண் கலங்கிவிட்டது. வெளிச் சத்தம் உள்ளே வரத் தொடங்கியதும் மூளைக்கும் வால்யூமைத் திருகும் அவசியம் குறைந்தது போலிருக்கிறது.

நடுவில் மோசமான வாரங்கள் வந்தன. தூக்கம் கெட்டால் கூடும், சளி பிடித்தால் கூடும், கூலிப் பேச்சுவார்த்தை இழுத்தடிக்கும் நாட்களில் கூடும். முன்பெல்லாம் கூடினால் இனி இறங்காது என்று நினைப்பேன். இப்போது, கூடியிருக்கிறது, இறங்கும் என்று விட்டுவிடுகிறேன்.

போன மாசி மாதம் ஒருநாள் விடியற்காலை சாமளாபுரம் குளத்துக்கரைக்குப் போனேன். காற்று இல்லை. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி. நாமக்கோழி ஒன்று தண்ணீர் மேலேயே ஓடி எழும்பியது. அதன் கால் தண்ணீரைத் தட்டும் சத்தம் தப்தப்தப் என்று கடைசி அடி வரை கேட்டது. பிறகு அது நின்ற இடம் கேட்டது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வண்டியை எடுக்க எழுந்தபோதுதான் அரை மணி நேரமாகக் காதை ஒருமுறைகூடத் தேடவில்லை என்று உறைத்தது. உறைத்ததும் இரைச்சலும் வந்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று வண்டியை எடுத்தேன்.

இப்போதும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதுவதால் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எழுதி முடித்துத் தோட்டத்துப் பக்கம் போனால் மறந்துவிடுவேன்.

குடோனில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். ஓட்டுகிற பையன்கள் நான்கு பேருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்து, போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லிவிட்டேன். சட்டக் கணக்குப்படி 90 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் நிற்கலாம், 100 என்றால் இரண்டே மணி நேரம். நாடாத் தறிக் குடோனில் 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். நான் அதில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், முப்பது வருஷம் நின்றேன். சத்தத்தால் காது போவது சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. நம் ஆறு தறி, எட்டுத் தறிக் குடோன்களுக்கு வந்து யார் பார்த்தார்கள்? அப்பா கடைசிக் காலத்தில் கத்திக் கத்திப் பேசியதை வயசு என்று நினைத்தோம். அவருக்கும் இந்த இரைச்சல் இருந்ததா என்று இனி யாரிடம் கேட்பது?

மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது, பார்க்கிறேனோ இல்லையோ டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதை நிறுத்து என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் குறைத்து மட்டும் வை. கதவு சத்தம், தெரு சத்தம், சமையல்கட்டில் என் தங்கச்சி நடமாடும் சத்தம் மேலே தெரிகிற அளவுக்கு.

தை பிறந்ததும் வருகிறேன். திருப்பூரில் ஜன சதாப்தி ஏறினால் மத்தியானம் கும்பகோணத்தில் இறங்கிவிடலாம். மகளையும் மருமகனையும் அன்றைக்கு வரச் சொல். அந்த முகூர்த்தப் புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில்தான் இருக்கிறது, கொண்டு வருகிறேன். ராத்திரி மாடியில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருப்போம். நீ என் இடது பக்கம் படு. அந்தக் காதில்தான் நன்றாகக் கேட்கிறது.

உன் மச்சான்