பிள்ளையை மறிக்காதை

முகத்துவாரம்,
கொழும்பு 15.

அன்புள்ள மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ பழையபடிதான். கோயிலுக்கு மட்டும் நடந்து போவா, வேற இடமெண்டால் ஏலாது எண்டுவா. கடையில வேலைக்குக் குறைவில்லை. நீர்கொழும்பில இருந்தும் எஞ்சின் கொண்டுவருகினம். காசு வாங்கிறதுதான் கரைச்சல், அதுகளுக்கும் கடல்ல ஒண்டும் படுகுதில்லை. எங்கட கூட்டாளி நெத்தலி உன்னைக் கேட்டவன். அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் கேட்டவன்.

சரி, விசயத்துக்கு வாறன். இவ்வளவு காலமும் ஒரு சத்தமும் இல்லாம இருந்துபோட்டு, திடீரெண்டு சாமத்தில வாட்சப்பில கத்தி அனுப்பியிருக்கிறாய். மகள் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்சுப்போட்டு கியூபெக் பக்கத்து ரேஸ் படகு டீம் ஒண்டோட சேர்ந்திட்டாள், வாற கோடைக்கு அங்கத்தை வலிஃபீல்ட் படகோட்டத்தில பிற்றில, படகு திருத்திற இடத்தில, நிப்பாளாம், பிறகு தானே ஓட்டப் பழகப் போறாளாம். "நீ சொன்னால் கேப்பாள், நீ மறி" எண்டிறாய். நான் மறிக்க மாட்டன் மச்சான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில சொன்னால் முதல் வசனத்திலயே நீ குறுக்க விழுந்து கத்துவாய்.

உனக்கு ரெண்டு பயம். ஒண்டு, பொம்பிளைப் பிள்ளை எண்டிறது. அதை முதல் முடிச்சு விடுறன். குருநகரில பொம்பிளை வள்ளத்தில கால் வைச்சால் கடல் கோவிக்கும் எண்டு உன்ர அப்பப்பா சொல்லித் திரிஞ்சவர். ஆனா 1903 இல அயர்லாந்தின்ர கோர்க் துறைமுகத்தில ஹாம்ஸ்வேர்த் கிண்ணம் எண்ட மோட்டர்ப் படகுப் போட்டியின்ர முதல் ஓட்டம் நடக்கேக்க, வெண்ட படகின்ர சுக்கானைப் பிடிச்சது டொரத்தி லெவிட் எண்ட பொம்பிளை. கிண்ணத்தில பேர் வெட்டினது மட்டும் படகுக்காரர் எட்ஜுக்கு. 1977 இலயும் 1979 இலயும் ஆழ்கடல் ஓட்டத்தில உலகப் பட்டம் எடுத்தது அமெரிக்காவின்ர பெற்றி குக். 2015 இல நாங்கள் வேலை செய்த அதே ஷார்ஜாவில நோர்வேக்காரி மரித் ஸ்ட்ரோமோய் வெண்டா. எஃப் வன் படகோட்டத்தில ஒரு பொம்பிளை முதலாவதா வந்தது அதுதான் முதல் தரம். யப்பானில ஆம்பிளையும் பொம்பிளையும் ஒரே ஓட்டத்தில, ஒரே மாதிரி எஞ்சினோட ஓடுகினம். அந்த எஞ்சினையும் குலுக்கல்ல எடுத்துத்தான் குடுப்பாங்கள். இதுக்குப் பிறகும் பொம்பிளைப் பிள்ளை எண்டு தொடங்கினால் நான் உன்னோட கதைக்க மாட்டன்.

மற்றப் பயம் உயிர்ப் பயம். அது சரியான பயம், அதுக்குப் பிறகு வாறன். அதுக்கு முதல் ஷார்ஜாவைக் கொஞ்சம் நினைச்சுப் பார். உன்ர குரலைக் கேட்ட நேரம் தொடக்கம் எனக்கு அந்தப் புஹைராக் கரைதான் கண்ணுக்க நிக்குது.

அந்தக் கரையில, காலித் குடாவில, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு சனம் வந்து கரை நிறையும். நாங்கள் பெட்டி இறக்கவும் எஞ்சின் தூக்கவும் எண்டுதான் போனனாங்கள், ஆனா எந்த டீமிலயும் எங்களை வெளிய நிக்கச் சொன்னதில்லை. ரெண்டரை லீற்றர் வி சிக்ஸ் மேர்க்குரி, நானூறு குதிரை வலு, எல்லாம் சேர்த்தும் 400 கிலோ வராத படகு. பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு பொன்டூன் எண்ட மிதவை மேடையோட வரிசையா நிப்பாங்கள், பின்னால ஒருத்தன் படகைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான், சிவப்பு விளக்கு அணைஞ்சாத்தான் ஸ்டார்ட். அந்தச் சத்தம் நெஞ்சுக்க வந்து அடிக்கும். நீ காதைப் பொத்தாம நிண்டு, பிறகு ரெண்டு நாளா எல்லாரையும் "ஆ? ஆ?" எண்டு கேட்டுத் திரிஞ்சனி.

ஒரே விளக்கு, ஒரே சட்டப் புத்தகம். ஆனா அந்த விளக்குக்கு முதல் அரை மணித்தியாலத்தில ஒவ்வொரு கூடாரமும் ஒவ்வொரு நாடு. எங்கட கூடாரத்து இத்தாலியக் கிழவன் ஸ்பனரைத் தூக்கி எறிஞ்சு, ஓட்டுநரின்ர தாயையும் இழுத்துப் பேசி, அடுத்த நிமிசம் அவன்ர கன்னத்தைத் தடவிவிடுவான். மத்தியானம் எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிட வேணும். ஆராவது நிண்டு கொண்டு சாப்பிட்டால் அதுதான் அவனுக்குப் பெரிய கோவம். பக்கத்துக் கூடாரத்துப் பின்லாந்துக்காரன் முழு நாளும் வாய் திறக்க மாட்டான். ஒரு தாளில வேலைகளை எழுதி, முடிய முடியக் கோடு கீறுவான். அவனுக்கு ஒண்டு பிடிக்கேல்லையெண்டால் கையில இருக்கிறதைக் கீழ வைச்சிட்டு, "இல்லை" எண்டுவான். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு முதலாளி வந்தாலும் படகு தண்ணியில இறங்காது. எமிராத்திக்காரரிட்டப் போனால் ஓட்டிற பெடியன்ர சித்தப்பா பெரியப்பா எல்லாம் வந்து இருப்பினம். காவா எண்ட அரபுக் கோப்பியும் பேரீச்சம்பழமும் எடுக்காம ஒருத்தரும் வெளிய வரேலாது, தோத்த எதிரிக்கும் அங்க கதிரை இருக்கும். வெண்டவங்கள் மேடையில சாம்பெயின் தெளிச்சுப் பழகினவங்கள், ஷார்ஜாவில அந்தச் சோலியே இல்லை. அதை வருசக்கணக்காய்ப் பாத்தவங்கள் ஒருத்தரும் முகம் சுழிக்கேல்ல, முதல் தரம் வந்தவங்கள்தான் திகைச்சு நிண்டவங்கள்.

எங்கட பட்டாணியக் கிரேன்காரரை நினைக்கிறியோ? படகைத் தூக்க முதல் பட்டியைத் தன்ர கையால இழுத்துப் பாப்பார். ஆர் அவசரப்படுத்தினாலும் அவருக்குக் காது கேக்காது.

இப்ப எங்கட ஆக்களைப் பார். மலையாளி, சிங்களவன், நாங்கள், எல்லாருக்கும் ஒரே வியாதி. பெரியவர் கேட்டால் "ஓம்". விளங்கினாலும் ஓம், விளங்காட்டிலும் ஓம். கெட்ட செய்தியை முதலாளியின்ர முகத்துக்கு முன்னால சொல்லுறது மரியாதை இல்லை எண்டு வளர்ந்த ஆக்கள். வீட்டில ஆஸ்பத்திரிச் செய்தியையே மூண்டு பேர் கை மாறித்தானே சொல்லுவம்? பிற்றில அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும் மச்சான். இத்தாலியன் கத்துறதும் பின்லாந்துக்காரன் வாய் திறக்காததும் வேற வேற குணம், ஆனா ரெண்டு பேரும் பழுதைப் பழுது எண்டு சொல்லிப் போடுவினம். பயம் எல்லாருக்கும் இருந்தது. அதை வெளியில எடுக்கிற விதம்தான் நாட்டுக்கு நாடு வேற. நாங்கள் எடுக்கிறதே இல்லை.

அப்பிடி எடுத்த ஒருத்தன் இருந்தவன். ஓட்டத்துக்கு நேரம் கிட்டி, எல்லாரும் பொன்டூனுக்குப் போக வெளிக்கிடேக்க, சுக்கான் வயர் கப்பியில ஏறுற இடத்தில ஒரு இழை தெறிச்சிருக்கு எண்டு நீதான் கண்டனி. உன்ர வேலை துணியால துடைக்கிறது. உன்னை ஒருத்தரும் கேக்கேல்ல. நான் பக்கத்தில நிண்டு, உன்ர கை நடுங்கினதைப் பாத்தனான். நீ போய் கிழவனின்ர சட்டையைப் பிடிச்சு இழுத்து, உனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலிசில சொன்னாய். அவன் உன்னைத் திட்டின திட்டு குடா முழுக்கக் கேட்டுது. பிறகு குனிஞ்சு பாத்தான். பாத்திட்டு எழும்பி, எல்லாருக்கும் முன்னால உன்ர தலையைப் பிடிச்சு உச்சியில கொஞ்சினான். வயரை மாத்தி, கடைசி ஆளாய்க் கொண்டுபோய் நிப்பாட்டினம். அண்டைக்குப் பின்னேரம் அந்த மேசையில உனக்குத்தான் முதல் கோப்பை போட்டவன்.

அந்த மனுசன்ர மகள்தான் இப்ப படகு ஓட்டப் போறன் எண்டிறாள். எங்க இருந்து வந்தது எண்டு என்னைக் கேக்கிறாய்!

இனி உயிர்ப் பயம். இதில உனக்குப் பொய் சொல்ல மாட்டன். கார் ஓட்டத்தில கால் முறிஞ்சு தப்பின டிடியே பிரோனி, 1987 இல இங்கிலாந்தின்ர வைட் தீவுக்குக் கிட்ட, எண்ணெய்க் கப்பல் ஒண்டு எழுப்பின அலையில படகு பாய்ஞ்சு செத்தவர். கூட இருந்த ரெண்டு பேரும் செத்தவை. 1990 இல மொனாக்கோ இளவரசியின்ர புருசன் ஸ்டெஃபானோ கசிராகி, உலகப் பட்டத்தைக் காக்க ஓடினவர், அவரும் படகோட்டத்திலயே செத்தவர். உங்கட ஒன்ராறியோவிலயே ஒரு கதை இருக்கு, மகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லு. பொப் ஹேவேர்ட் எண்ட கோழிப்பண்ணைக்காரர், மிஸ் சுப்பர்டெஸ்ட் 3 எண்ட கனடாப் படகை ஓட்டி, 1920 தொடக்கம் அமெரிக்கரிட்ட இருந்த ஹாம்ஸ்வேர்த் கிண்ணத்தை 1959 இல எடுத்தவர். 1960, 1961 எண்டு அடுத்தடுத்தும் விடேல்ல. அந்த 1961 செப்டெம்பரிலயே டெட்ரோயிட் ஆத்தில அதே படகுக்காரரின்ர மற்றப் படகை ஓட்டேக்க, அது உருண்டு செத்துப்போனார். படகுக்காரர் ஜிம் தொம்சன் அதோட ஓட்டத்தையே விட்டிட்டார்.

அதே ஆத்தில 1931 இல அந்தக் கிண்ணத்துக்கான ஓட்டத்தில நடந்ததையும் சொல்லு. கார் வூட் எண்ட அமெரிக்க ஓட்டுநருக்குப் படகின்ர எண்ணெய்த் தாங்கி ஒழுகி, கொஞ்ச நேரம் தா எண்டு கேட்டவர். எதிர்த்து ஓடின இங்கிலிசுக்காரர் கே டொன் மாட்டன் எண்டிட்டார். வூட் குறிக்கு முதலே கோட்டைத் தாண்டிப் பாய, டொன்னும் அவருக்குப் பின்னால பாய்ஞ்சு, வளைவில கவிண்டார். உயிர் தப்பினது பெரிய காரியம். ரெண்டு பேரையும் போட்டியில இருந்து நீக்கினாங்கள், தனிய ஓடி முடிச்ச வூட்டின்ர தம்பிக்கு வெற்றி. இங்கிலாந்தில அதை ஏமாத்து எண்டாங்கள். அமெரிக்காவில, நேரம் குடுக்காதவன்தான் பிழை எண்டாங்கள். என்ர மனம் வூட்டின்ர பக்கம் முழுசாப் போகாது, ஆனா பழுது எண்டு சொன்னவனுக்கு நேரம் குடுக்காத இடத்தில நான் பிள்ளையை விட மாட்டன்.

அதால மறிக்கிறதை விட்டுப்போட்டு, அவளை இருத்தி வைச்சு இதுகளைக் கேள். அவள் ஓட்டப்போற வகுப்பில ஓட்டிறவரைச் சுத்தி மூடின கப்சூல் இருக்கோ, திறந்த இருக்கையோ? சின்ன வகுப்புகள்ல முழங்காலில இருந்து ஓட்டிறதும் இருக்கு, அது வேற ஆபத்து. கொக்பிட் மாதிரிப் பெட்டிக்குள்ள பெல்ற் போட்டுத் தலைகீழாத் தண்ணியில கவிழ்க்கிற சோதனையைச் செய்விப்பினமோ? இருட்டுக்க, மூக்கில தண்ணி ஏறேக்க, பெல்ற்றைத் தன்ர கையால கழட்டி வெளிய வரத் தெரியாதவள் படகில ஏறக்கூடாது. சுழியோடிகளோட மீட்புப் படகு எத்தினை, எங்க நிக்கும்? கழுத்துக்குப் பூட்டுற தாங்கி ஆற்ற காசில வாங்கிறது? புதுசு எண்டால் வாங்கு, பழசு ஒண்டும் இரவல் வாங்க விடாதை. ரேடியோவில அவளோட கதைக்கிறவர் ஆர்? ஓட்டிறவளுக்கு முன்னால நுரையைத் தவிர ஒண்டும் தெரியாது, கரையில உயரத்தில நிக்கிறவன்தான் அவளுக்குக் கண். அந்த ஆளை நீ நேரில போய்ப் பார். கையைக் குடுத்துக் கதை.

எல்லாத்துக்கும் மேல, அவள் இப்ப வேலை செய்யிற கூடாரத்தில ஒரு சின்னப் பெட்டை "இது சரியில்லை" எண்டால் அவங்கள் நிப்பாட்டிப் பாப்பாங்களோ, சிரிப்பாங்களோ? பிரெஞ்சுக்காரப் பிள்ளையள் எப்பிடிக் கதைக்கினம், எங்கட பிள்ளை எப்பிடிக் கதைக்கிறாள்? அவளும் எங்களிட்ட வளர்ந்தவள். "ஓம் அங்கிள்" எண்டு பழகின வாய். நிப்பாட்டிப் பாக்கிற இடமெண்டால் விடு. சிரிக்கிற இடமெண்டால் வேற டீம் பாக்கச் சொல்லு, அதுக்கு நானும் சொல்லுவன். அப்பக்கூடப் படகை விடச் சொல்ல மாட்டன்.

அவளுக்கு நான் தனிய எழுதுறன். உன்ர வயர்க் கதையை நீ அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை எண்டு எனக்கு நல்லாத் தெரியும், அதை நான்தான் எழுதப் போறன். நீ கோவிச்சாலும் எழுதுவன்.

தங்கச்சி என்ன சொல்லுறா? உன்ர பதிவில அவவின்ர சத்தத்தையே காணேல்ல. அவவையும் ஒருக்காக் கேட்டுச் சொல்லு. நெத்தலிக்குக் கண்ணாடிக்கு என்ன பதில் எண்டதையும் எழுது, ஒவ்வொரு கிழமையும் கடைக்கு வந்து நிண்டு கேக்கிறான்.

அன்புடன்,
உன்ர மச்சான்