பெரியப்பா, இங்கே என் வேலை என்னவென்றால்

அன்புள்ள பெரியப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அங்கே உனக்கு என்னதான்டா வேலை?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. போனது நல்லதுக்குத்தான். சட்டென்று சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன், தங்கச்சி உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். இதே கேள்வியை இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காகிதத்தில் என் வேலை கணக்கு வாத்தியார். மலாவி நாட்டில், தெட்சா மாவட்டத்தில், மேட்டு நிலத்தில் ஒரு மிஷன் பள்ளி. ஆறாம் வகுப்பில் 94 பிள்ளைகள். 1994இல் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு சொன்னதும் பிள்ளைகள் வந்து குவிந்துவிட்டார்கள். வகுப்பறையும் வாத்தியாரும் இன்னும் அந்தக் கணக்குக்கு வந்து சேரவில்லை. ஜூன், ஜூலையில் காலை வகுப்பில் சாக்பீஸ் பிடிக்க விரல் வராது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று அம்மா ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த ஸ்வெட்டருக்காக ஒரு மாதம் அழுதேன்.

நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் எனக்குத் தெரியும். எத்தனை பேரை வேதத்தில் சேர்த்தாய்? ஒருவரையும் இல்லை, பெரியப்பா. ன்சாமா என்ற இடத்துக்கு மோன்ஃபோர்ட் சபைக் குருக்கள் 1901லேயே வந்துவிட்டார்கள். அடுத்த வருஷமே முவாவில் இன்னொரு சபை மிஷன் தொடங்கியது. இங்கே இருக்கிறவர்கள் பாட்டன் காலத்துக் கத்தோலிக்கர்கள். கிளைக் கோயிலுக்கு ஃபாதர் மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் பெரிசு. மற்ற ஞாயிறுகளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாசகம் வாசித்து, பிரசங்கம் சொல்லி, ஜெபத்தை நடத்துகிறார். அசப்பில் நீங்கள்தான். உபதேசியார் என்று கூப்பிடாததுதான் குறை. பத்துப் பதினைந்து வீடுகள் கூடி ஜெபிக்கிற அன்பியம் கூட இருக்கிறது, அதில் சண்டையும் நம்ம ஊர் அளவுக்கே இருக்கிறது.

வந்த புதிதில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று "ஓடி!" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர் "ஓடீனி!" என்றால் வரலாம் என்று அர்த்தம். முதல் வாரம் விடியற்காலை யாரோ "ஓடி, ஓடி" என்று கத்த, என்னவோ ஆபத்து, ஓடச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பின்கதவு வழியாக வெளியே போய் நின்றேன். பால்காரப் பையன் சிரித்த சிரிப்பு இன்னும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, என்னை இங்கே "அம்வென்யே" என்பார்கள். இந்தியர் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் கடையும் கல்லாப்பெட்டியும் சேர்ந்தே இருக்கின்றன. முன்பு சிற்றூர்களில் கடை வைத்திருந்த இந்தியர்களை 1970களில் அன்றைய ஜனாதிபதி பண்டாவின் ஆட்சி பெரிய நகரங்களுக்கே போய்விடச் சொன்னது. அதனால் கிராமத்தில் இந்திய முகத்தைக் கண்டால் வயசானவர்களுக்குக் கடை ஞாபகம் வருகிறது. ஒரு கிழவி என் வீட்டுக்கு வந்து சர்க்கரை என்ன விலை என்றாள். கடை இல்லை, கணக்கு வாத்தியார் என்றேன். கணக்குத் தெரிந்தால் கடை வைக்க வேண்டியதுதானே என்றாள்.

சாப்பாட்டில் எனக்குக் கஷ்டமே இல்லை. மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்கிற சிமா, நம்ம களிதான், வெள்ளையாக இருக்கும், அவ்வளவே. பூசணித் தழையை வேர்க்கடலைப் பொடி போட்டுச் சமைத்துத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். விருந்தாளியின் கையில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தட்டை வைப்பார்கள். எனக்கு முன்னால் இருந்த ஜெர்மன்காரப் பையன் கையால் சாப்பிடப் படித்துக்கொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்றாம். அந்த விஷயத்தில் நான் வந்த அன்றே பாஸ்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன பிப்ரவரியில் பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்துபோனாள். சர்க்கரை விலை கேட்ட அதே பாட்டி. எனக்கு மறுநாள் பரீட்சைத் தாள் தயாரிக்க வேண்டியிருந்தது. துக்கம் விசாரிக்கச் சாயங்காலம் போகலாம் என்று பள்ளிக்குப் போனேன். வகுப்பில் ஏழு பிள்ளைகள். வயலிலும் ஒரு மண்வெட்டி அசையவில்லை. ஒரு சாவு விழுந்தால், அதை ஊர்த் தலைவரிடம் சொன்ன நேரத்திலிருந்து புதைக்கும்வரை ஊர் நின்றுவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தலைமை ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. "டீச்சர், நீங்கள் செத்தால் யார் வருவார்கள்?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் கேட்டார்.

"நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயிரணும்லே" என்று சின்ன வயசில் என்னைக் கையைப் பிடித்து இழவு வீடுகளுக்குக் கூட்டிப்போனது நீங்கள். அதை இத்தனை தூரம் வந்து மறந்திருக்கிறேன்.

ஓடினேன். வீட்டுக்குள் உடலைச் சுற்றிப் பெண்கள், பாட்டு நிற்கவே இல்லை. ஆண்கள் வெளியே மரத்தடியில். பேச்சு அதிகம் கிடையாது, உட்கார்ந்திருப்பதுதான் வேலை. போய்ச் சேருகிறவர்கள் சொல்வது ஒரே வார்த்தை, "பெபானி". வழியில் கல் தடுக்கினாலும் அதையேதான் சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் மாவும் விறகும் தலையில் சுமந்து வந்தார்கள். பெரியப்பா, பிப்ரவரி இங்கே பசி மாதம். போன வருஷத்துச் சோளம் தீர்ந்திருக்கும், புதுசு ஏப்ரலில்தான் வீட்டுக்கு வரும். என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா கொண்டுவந்த கிண்ணத்தைப் பார்த்தேன். அடியை மட்டும் மறைக்கிற அளவு மாவு. மேலே ஒரு துணியை மூடி, நிறைந்த கிண்ணத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாங்கி வைத்தவளும் அப்படியே இரண்டு கையால் வாங்கினாள்.

அன்றிலிருந்து சாவு என்று சொல்லக் கேட்டால் போய்விடுகிறேன். இந்த வருஷம் மட்டும் இருபதைத் தாண்டிவிட்டது. உட்கார்ந்திருக்கிறேன். பங்கின் பிக்கப் வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் பெட்டி ஏற்றிப் போகிறேன். முகமூடி போட்ட குலே வம்குலு ஆட்டக்காரர்கள் வந்தால் மற்றவர்களைப் போல ஒதுங்கி நிற்கிறேன். பழைய காலத்துக் குருக்கள் அதைப் பிசாசு ஆட்டம் என்று தடுத்துப் பார்த்தார்கள். 2005இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் கலைச்செல்வம் என்று அறிவித்தது. பங்கு ஃபாதர் இரண்டைப் பற்றியும் வாயைத் திறப்பதில்லை, கெட்டிக்காரர்.

உங்களிடம் கேட்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும்.

மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே எங்காவது மரங்கள் அடர்ந்து நின்றால் அது இடுகாடு. அங்கே யாரும் விறகு வெட்ட மாட்டார்கள். குழி தோண்டுகிறவர்களை "அட்சுகுலு" என்கிறார்கள். பேரப்பிள்ளைகள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பையன், வாத்தியார், தலைவரின் மருமகன், யாராகவும் இருக்கலாம். நான் போன வீடுகளில் அவர்களுக்கென்று தனியாகக் கோழி அடித்துப் போட்டார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். முதல் தடவை, உள்ளங்கை இரண்டும் கொப்புளம். குழிக்குள் என்னோடு நின்றவர் மண்ணை அள்ளிப் போட்டபடி, "உங்கள் ஊரில் அட்சுகுலு யார்?" என்று கேட்டார்.

நம்ம ஊரில் குழி வெட்ட யாருக்குச் சொல்லி அனுப்புவோம் என்று உங்களுக்குத் தெரியும். எந்தத் தெருவுக்கு ஆள் போகும், கூலியை எங்கே நிறுத்தி வைத்துக் கொடுப்போம் என்று தெரியும். அதே பூசையில் அதே நற்கருணை வாங்குகிற அவர் செத்தால், அவருக்குக் கல்லறை வேறு இடம் என்பதும் தெரியும். அந்தத் துக்க வீடுகளுக்கு நீங்கள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

இந்த ஊர்ப் பாஷையான சிச்சேவா புரியாதவன் மாதிரி சிரித்து வைத்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி தோண்ட ஆரம்பித்தார். பேச்சு நன்றாகவே வருகிறது, இப்போது கணக்கே அதில்தான் விளக்குகிறேன் என்பது அவருக்கும் தெரியும்.

நீங்கள் 31 வருஷம் உபதேசியாராக இருந்தவர். குழிக்குள் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தங்கச்சியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். போனில் வேண்டாம்.

பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் அன்பு மகன்