நொச்சிக்குப்பத்துக் கரை வெற்றிடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே கடலையொட்டிச் செல்லும் லூப் சாலையைப் பற்றி எப்போது செய்தி வந்தாலும், போக்குவரத்து நெரிசல், ஆக்கிரமிப்பு, கடற்கரை அழகு என்ற மூன்று சொற்களுக்குள்ளேயே அது முடிந்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மயிலாப்பூரில் வசித்து, அந்தச் சாலையோர மீனவ ஊரான நொச்சிக்குப்பத்தின் கரையில் மீன் வாங்கிக் குடும்பம் நடத்தியவன் நான். அந்த மணல்வெளி ஒரு பட்டறையைப் போல, ஒரு களத்துமேட்டைப் போல நாள்தோறும் வேலை நடக்கும் இடம் என்பது நம் பேச்சில் வராமலே போவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விடியற்காலையில் அங்கே போய் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஃபைபர் படகுகள் அலையின் தணிவு பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறுகின்றன. மீன் வலையோடு சேர்ந்தே வருகிறது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கண்ணி கண்ணியாக அதைக் கழற்றுகிறார்கள். கவலை, நெத்திலி, காணாங்கத்தை, சங்கரா, நண்டு என்று மணலிலேயே பிரித்துக் குவித்தவுடன் ஏலம் நடக்கிறது. ஏலத்தில் எடுத்த பெண்கள் சில அடி தள்ளியே, ஐஸ் செலவோ வண்டிக் கூலியோ பெரிதாக இல்லாமல், அன்றைய மீனை அன்றைக்கே விற்றுவிடுகிறார்கள். வெயில் ஏறியபின் வலையைக் காயவைத்து, நிழலில் உட்கார்ந்து கிழிசல் தைக்கும் வேலை தொடங்குகிறது. பருவத்துக்கும் மீனுக்கும் ஏற்ப வலை மாறும் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் பல வலைகள் உண்டு. அவற்றை வைக்கவும் விரிக்கவும் இடம் வேண்டும். கடல் சீறும் நாள்களில் படகுகளை மேட்டுக்கு இழுத்து வைப்பதற்கும் அதே மணல்தான். காற்று வாடையா கொண்டலா கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கரையில் நின்று பார்த்துத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே, இவர்களுக்கு வேறெங்கோ அடுக்குமாடி வீடு கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள், வீடும் தொழிலும் ஒரே மூச்சில் நடக்கும் வாழ்க்கையை அறியாதவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

இந்தத் தொழில் சென்னை மாநகரத்துக்கு மூத்தது. 1639இல் ஆங்கிலேயர் இங்கே நிலம் பெற்றபோது இந்தக் கடலோரத்தில் மீனவக் குடியிருப்புகள் இருந்தன. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் மனிதர்களையும் சரக்குகளையும் அலை கடத்திக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கரையோர மக்களே. கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல் உலக மொழிகள் பலவற்றில் ஏறியதும் இவர்களுடைய தொழிலால்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அவற்றில் தடுக்கப்பட்டுத் தேங்கியதால் மெரினா அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து அந்தப் பெயரையும் சூட்டினார். அதே சுவர்களால் மணல் வரத்து நின்றுபோன வடசென்னைக் கரையையோ கடல் அரித்துத் தின்றது. இராயபுரத்துக்கு வடக்கே இன்று பல இடங்களில் கருங்கல் கொட்டிய தடுப்புகளையே பார்க்கிறோம். மணல் இல்லாத கரையில் படகை ஏற்றுவதற்கு இடம் ஏது? ஒரு மீனவ ஊர் தன் கரையை இழந்தால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை.

1985இன் இறுதியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் கரையிலிருந்து அகற்ற அரசு முற்பட்டதையும், அதை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து மீனவர்கள் உயிரிழந்ததையும் என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோதும் முதல் அடியை வாங்கியவை இந்தக் குப்பங்களே. 2023 ஏப்ரலில், லூப் சாலை மீன்கடைகள் பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கைத் தொடர்ந்து மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியதும், ஆண்களும் பெண்களும் சாலையில் அமர்ந்து போராடியதும் அண்மைக்கால நிகழ்வுகள். சாலையில் செல்வோரின் வசதியை நீதிமன்றம் கருத்தில் கொண்டதைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. ஆனால், சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைப்பதற்காகக் குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே வாகனங்களைத் திருப்பிவிட்டு, பிறகு அந்த வாகனங்களுக்கு மீனவர்கள் இடையூறு என்று சொல்வது எந்த வகையில் நியாயம் என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

2024 ஆகஸ்டில் லூப் சாலையில் 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது நல்ல செயல். வெயிலிலும் மழையிலும் நடைபாதையோரம் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கூரையும் தண்ணீரும் கிடைக்க வேண்டியவையே. ஆயினும், அங்காடி கட்டித் தந்தாயிற்று, இனிக் கரையில் அவர்களுக்கு வேலை இல்லை என்ற எண்ணம் பரவுவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. அங்காடிக்கு மீன் வானத்திலிருந்து வருவதில்லை. படகு ஏறும் மணலும், வலை உலரும் இடமும், ஏலம் நடக்கும் திடலும் போய்விட்டால் அந்த 366 கடைகளும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வண்டியில் வரும் மீனை விற்கும் இடமாகிவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை நிலவும்போது, இந்நகரத்துச் சமையலறைகளுக்குப் பச்சை மீன் தருபவை நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களின் சிறு படகுகளே என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்தக் கரையைக் காப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, மீனவக் கிராமங்களையும், அவர்களுடைய பொதுச் சொத்துகளையும், மீன் உலர்த்தும் இடங்களையும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் குறிக்கவேண்டும் என்கிறது. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையிலும் அந்தக் கடமை தொடர்கிறது. மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்கான திட்டத்தையும் மாநில அரசு வகுக்கவேண்டும். அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்கள் தங்கள் கரையில் எது படகுத்துறை, எது வலை காயும் இடம் என்று தாங்களே வரைபடமாகக் குறித்துக் காட்டியிருக்கிறார்கள். அதே போல நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டூமிங்குப்பம் ஆகிய ஊர்களின் பஞ்சாயத்துகளையும் மீன் விற்கும் பெண்களையும் உடன் வைத்துக்கொண்டு அதிகாரிகள் கரையை நடந்தே அளந்து, வரைபடத்தில் வெறும் மணலாகக் காட்டப்படும் இடங்களுக்கு அவற்றின் பயன்பாட்டை எழுதவேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட இடத்தில் பூங்காவோ வாகன நிறுத்தமோ நடைபாதையோ அமைப்பதாயின் ஊராரின் ஒப்புதல் முதலில் பெறப்படவேண்டும்.

சாலையைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் சிறியது. படகுகள் கரையேறி ஏலம் நடக்கும் காலை நேரத்தில், குப்பத்து மக்களுக்கும் மீன் வாங்க வருவோருக்கும் தவிர மற்ற வாகனங்களுக்கு லூப் சாலையை மூடி, ஒரு மாதம் சோதனை செய்து பார்க்கலாம். அதனால் சாந்தோம் நெடுஞ்சாலையில் எங்களுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சென்னை மாவட்டக் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் கலங்கரை விளக்கம் முதல் அடையாற்று முகத்துவாரம் வரையிலான பகுதியை, சாதாரண வாசகர்களும் படித்தறியும் அளவில், தமிழ்க் குறிப்புகளுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் வெளியிடுங்கள். அங்கே வாழ்பவர்கள் தங்கள் வலை காயும் இடம் அதில் இருக்கிறதா என்று தாங்களே பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.